போய் வந்த அக்கா தங்கையைவிட இளையவள் ஆவது எப்படி? இரட்டையர் புதிர், கணக்கோடு

உயர்தரம்_ஹட்டன்

பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைப் பிள்ளைகள். பத்து நிமிடம் முந்திப் பிறந்தவள் அக்கா, மற்றவள் தங்கை. அக்கா ஒளியின் கதியில் 0.6 பங்கு வேகத்தில் தொலைவில் ஓரிடத்துக்குப் போய்த் திரும்பி வருகிறாள். தங்கை ஹட்டனிலேயே இருக்கிறாள். ஓடுகிற மணிக்கூடு மெதுவாக ஓடும் என்றால் அக்காவுக்கு வயது குறையும். அதுவரை விளங்குகிறது. ஆனால் அக்காவைக் கேட்டால், தான் சும்மா உட்கார்ந்திருப்பதாகவும் ஹட்டன்தான் ஓடுவதாகவும் சொல்வாளே? கோச்சி ஜன்னலில் தேயிலை மலை பின்னால் ஓடுகிற மாதிரி. அவள் கணக்கில் தங்கைக்கல்லவா வயது குறைய வேண்டும்? திரும்பி வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருத்திதான் இளையவளாக இருக்க முடியும்.

யூடியூபில் மூன்று விளக்கம் பார்த்தேன், மூன்றும் மூன்று விதம். ஒருவர் ஆர்முடுகல்தான் (வேகம் மாறுவதுதான்) காரணம் என்கிறார். ஒருவர் பொதுச் சார்பியல் (ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு) இல்லாமல் தீர்க்கவே முடியாது என்கிறார். மூன்றாமவர் "எல்லாமே சார்பானது" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார்.

நானுஓயா

மூன்றாமவரை விடுங்கள், மற்ற இருவரிடம் பிறகு வருவோம். முதலில் எண்களைப் போடுவோம் தங்கச்சி. எண் இல்லாமல் இந்தப் புதிரைப் பேசத் தொடங்கினால் விடியும்வரை பேசலாம்.

தூரம் 3 ஒளியாண்டு என்று வையுங்கள். அந்தத் தூரத்தில் நட்சத்திரம் எதுவும் கிடையாது, மிகக் கிட்டிய புரொக்சிமாவே 4.24 ஒளியாண்டு. கணக்கு சுத்தமாக வரட்டும் என்றுதான் 3. கதி 0.6. ஹட்டன் மணிக்கூட்டில் போக 3 ÷ 0.6 = 5 ஆண்டு, வர 5 ஆண்டு. தங்கைக்கு 10 ஆண்டு கழிகிறது.

நேரவிரிவுக் காரணி, அதாவது ஓடுகிற மணிக்கூடு எத்தனை மடங்கு மெதுவாக ஓடும் என்பது, 1 ÷ √(1 − 0.36) = 1 ÷ 0.8 = 1.25. ஆகவே அக்காவுக்கு 10 ÷ 1.25 = 8 ஆண்டு. இதையே அக்காவின் பக்கம் நின்று வேறு வழியில் சரிபார்க்கலாம். அவளுக்கு அந்தத் தூரம் 3 × 0.8 = 2.4 ஒளியாண்டாகச் சுருங்கியிருக்கும். 2.4 ÷ 0.6 = 4 ஆண்டு போக, 4 ஆண்டு வர. அதே 8. இதுவரை சண்டை இல்லை.

சண்டை இனித்தான். போகிற 4 ஆண்டில், அக்காவின் கணக்குப்படி ஹட்டனில் 4 ÷ 1.25 = 3.2 ஆண்டுதான் கழிந்திருக்கும். வருகிற 4 ஆண்டிலும் 3.2. கூட்டினால் 6.4. ஆனால் வந்து பார்த்தால் தங்கைக்கு 10 ஆண்டு போயிருக்கிறது. 3.6 ஆண்டைக் காணவில்லை. புதிர் என்று சொல்வது இந்த 3.6ஐத்தான்.

நேரவிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, "ஒரே நேரம்" என்பதும் சட்டகத்துக்குச் சட்டகம் (எந்தக் கதியில் ஓடுகிறவர் கணக்கிடுகிறார் என்பதைப் பொறுத்து) மாறும் என்பதை விட்டுவிட்டதால் வந்த பற்றாக்குறை அது. போகிற விண்கலத்தில் இருந்துகொண்டு "இந்தக் கணத்தில் ஹட்டனில் என்ன திகதி?" என்று கணக்கிட்டால் 3.2ஆம் ஆண்டு என்று வரும். அதே இடத்தில், அதே கணத்தில், திரும்பி வருகிற கலத்தில் இருந்துகொண்டு கணக்கிட்டால் 10 − 3.2 = 6.8ஆம் ஆண்டு என்று வரும். இடைவெளி 3.6. நேரே எடுக்கவும் வழி உண்டு: 2 × கதி × தூரம் = 2 × 0.6 × 3 = 3.6.

3.2 + 3.6 + 3.2 = 10.

உயர்தரம்_ஹட்டன்

கூட்டல் சரியாக வருகிறது, ஆனால் மனது ஒப்பவில்லை அண்ணே. அக்கா திரும்பின அந்த நொடியில் தங்கைக்கு 3.6 வயது ஏறிவிட்டது என்றால், பாவம், அவளுக்கு என்ன நடந்தது?

நானுஓயா

அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அக்கா தன் கலண்டரை ஹட்டன் கலண்டரோடு பொருத்துகிற முறைதான் மாறியது. அந்த "இப்போது" யாரும் கண்ணால் காண்கிற சங்கதி கிடையாது, பிறகு உட்கார்ந்து கணக்கிட்டு எடுப்பது. கண்ணால் காண்பதை மட்டும் வைத்தும் இதே விடையை எடுக்கலாம், அதில் எந்தத் தாவலும் வராது.

பிரிந்த நாள் தைப்பொங்கல் என்று வைத்துக்கொள்வோம். தன்தன் மணிக்கூட்டில் ஓராண்டு முடியும்போதெல்லாம் ஒவ்வொருத்தியும் மற்றவளுக்கு ஒரு வாழ்த்து அனுப்புகிறாள். வாழ்த்து ஒளியின் கதியில் போகிறது. 0.6 கதியில் விலகிப் போகும்போது டொப்ளர் காரணி √(1.6 ÷ 0.4) = 2. அதாவது ஓராண்டுக்கு ஒன்றாக அனுப்புவது 2 ஆண்டுக்கு ஒன்றாக வந்து சேரும். கிட்ட வரும்போது அரை ஆண்டுக்கு ஒன்று. இது இருவருக்கும் பொது, இதில் பாரபட்சம் கிடையாது.

அக்காவுக்கு வருபவை: போகிற 4 ஆண்டில் இரண்டே இரண்டு வாழ்த்து, அவளுடைய 2ஆம் ஆண்டிலும் 4ஆம் ஆண்டிலும். திரும்பியதும் 4.5, 5, 5.5 என்று அரை ஆண்டுக்கு ஒன்றாக 8 வாழ்த்து. கடைசி வாழ்த்து வீட்டு வாசலில் கையில் கிடைக்கும். மொத்தம் 10.

தங்கைக்கு வருபவை: அக்கா திரும்பியது ஹட்டனின் 5ஆம் ஆண்டில். ஆனால் அந்தத் திருப்பத்தின் ஒளி 3 ஒளியாண்டு கடந்து வர 3 ஆண்டு எடுக்கும். ஆகவே தங்கை 8ஆம் ஆண்டு வரைக்கும் அக்கா விலகிப் போவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். 2, 4, 6, 8 ஆகிய ஆண்டுகளில் 4 வாழ்த்து. மிச்சமிருக்கும் 2 ஆண்டில் 8.5, 9, 9.5, 10 என்று இன்னும் 4. மொத்தம் 8.

சமச்சீர் உடைகிற இடம் இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. அக்கா பாதிப் பயணம் மெல்லவும் பாதிப் பயணம் வேகமாகவும் வாழ்த்து வாங்குகிறாள். தங்கை பத்தில் எட்டு ஆண்டு மெல்ல வாங்குகிறாள். திருப்பத்தை அக்கா உடனே அறிவாள், ஏனென்றால் திரும்பியது அவள். தங்கைக்கு அந்தச் செய்தி வந்து சேர வேண்டும்.

பச்சைத்தேயிலை

வாழ்த்துக் கணக்கு நல்லா இருக்கு. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறதே. திரும்பியது அக்கா. திரும்பும்போது அவளை இருக்கையோடு அழுத்தும், தங்கையின் தேநீர்க் கோப்பை ஆடக்கூட ஆடாது. ஆகவே காரணம் ஆர்முடுகல். இதை ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

நானுஓயா

> ஆகவே காரணம் ஆர்முடுகல்

யார் பயணம் போனவள் என்று அடையாளம் காட்ட ஆர்முடுகல் உதவும். எவ்வளவு வயது வித்தியாசம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. தூரத்தை 3 ஒளியாண்டுக்குப் பதில் 30 ஆக்குங்கள். அதே கலம், அதே இயந்திரம், அதே திருப்பம், இருக்கையில் அதே அழுத்தம். வித்தியாசம் 2 ஆண்டிலிருந்து 20 ஆண்டாகிவிடும். ஆர்முடுகல் ஒரு துளியும் மாறவில்லை, விடை பத்து மடங்கு.

இன்னும் கடுமையாகச் சோதிக்கலாம். ஒருவரும் ஆர்முடுகாத மாதிரியே அமைத்துப் பாருங்கள். முதல் கலம் ஹட்டனை 0.6 கதியில் கடந்து போகிறது, கடக்கும்போது இரு மணிக்கூடும் 0. அது 3 ஒளியாண்டு தூரத்தில், எதிரே 0.6 கதியில் வருகிற இரண்டாவது கலத்தைச் சந்திக்கிறது. முதல் கலத்தின் மணிக்கூடு அப்போது 4 காட்டும். இரண்டாம் கலம் அந்த 4ஐப் பார்த்துத் தன் மணிக்கூட்டை 4க்கு வைத்துக்கொள்கிறது. நம் மலைப்பாதையில் மேலே போகிற கோச்சியும் கீழே வருகிற கோச்சியும் ஸ்டேஷனில் மாறும்போது டேப்லெட் (ஒற்றைப் பாதையில் போக டிரைவருக்குத் தருகிற அனுமதி வில்லை) கைமாறுகிற மாதிரி. இரண்டாம் கலம் ஹட்டனைக் கடக்கும்போது 8 காட்டும், ஹட்டன் மணிக்கூடு 10 காட்டும். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை, யாரையும் இருக்கை அழுத்தவில்லை. 2 ஆண்டு வித்தியாசம் அப்படியே நிற்கிறது.

பட்டிப்பொல1898

சின்னத் திருத்தம். டேப்லெட் கோச்சிக்குக் கோச்சி நேரே கைமாறுவதில்லை. வருகிற டிரைவர் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், அது இயந்திரத்துக்குள் போகும், அடுத்த பகுதி காலி என்று மற்ற ஸ்டேஷன் ஒத்துக்கொண்ட பிறகுதான் எதிர்க் கோச்சிக்கு வேறொன்று வெளியே வரும். உவமைக்குப் பரவாயில்லை.

பச்சைத்தேயிலை

அதில் பயணம் போனது ஒரே ஆள் இல்லையே. மணிக்கூட்டின் எண்தான் போய் வந்தது. ஆள் போய் வர வேண்டுமென்றால் ஆர்முடுகாமல் முடியாது. அந்த நேரத்தில் மணிக்கூட்டுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இரும்புத்தட்டு

நியாயமான கேள்வி. அளந்து பார்த்த கேள்வியும்கூட. ஜெனீவாவில் சேர்ன் ஆய்வுகூடத்தில் மியூவன்களை 7 மீற்றர் ஆரையுள்ள வளையத்தில் சுற்ற விட்டார்கள், முடிவு 1977இல் வந்தது. மியூவன் என்பது இலத்திரனைப் போல, அதைவிட 207 மடங்கு திணிவுள்ள துணிக்கை. நிற்கும்போது சராசரி ஆயுள் 2.197 மைக்ரோ செக்கன். வளையத்தில் நேரவிரிவுக் காரணி 29.3. ஆயுள் 64.4 மைக்ரோ செக்கனாக நீண்டது. அந்த மியூவன்கள் உணர்கிற ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 10இன் 18ஆம் அடுக்கு மடங்கு. அப்படியிருந்தும் ஆயுள் கதியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கோடு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொருந்தியது. ஆர்முடுகலுக்கென்று தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அவை புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறவை என்பதால் இது இரட்டையர் புதிரேதான், ஆளுக்குப் பதில் துணிக்கை.

நானுஓயா

இதோடு வீதிக் கணக்கு ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். நுவரெலியாவில் இருந்து கொழும்புக்கு ஒரு வான் றம்பொடை, கம்பளை, கண்டி என்று போகிறது. இன்னொன்று ஹட்டன், அவிசாவளை என்று போகிறது. கொழும்பில் இரண்டு வானின் ஓட்டமானியும் வேறு வேறு கிலோமீற்றர் காட்டும். அதற்கு யாராவது "றம்பொடையின் ஊசிமுனை வளைவுகள்தான் காரணம், வளைவில் ஓட்டமானி பிழையாக ஓடுகிறது" என்பார்களா? பாதை வேறு, நீளம் வேறு. வளைவு இல்லாமல் இரண்டு பாதைகள் பிரிந்து சேர முடியாது என்பது உண்மைதான். ஆனால் கிலோமீற்றர் வளைவில் மட்டும் ஏறுவதில்லை, வழி நெடுக ஏறுகிறது.

மணிக்கூடும் ஓர் ஓட்டமானிதான், வெளி-காலத்தில். ஒரு வித்தியாசம்: வீதியில் பைதகரஸ் கூட்டும், இங்கே கழிக்கும். அக்காவின் ஒரு வழி √(5² − 3²) = 4. இரு வழியும் 8. தங்கை நேர்கோடு, 10. கழித்தல் குறியால் நேர்ப்பாதையே அதிக நேரம் எடுக்கும் பாதையாகிவிடுகிறது. பொதுச் சார்பியல் தேவை என்று சொன்னவருக்கும் பதில் இதுதான். ஈர்ப்பு இல்லாத இடத்தில் ஆர்முடுகும் மணிக்கூட்டைச் சிறப்புச் சார்பியலே கணக்கிடும், துண்டு துண்டாக இந்தக் கழித்தலைப் போட்டுக் கூட்டினால் போதும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. "உடனே திரும்பினாள்" என்பது தாளில் மட்டும். புவியீர்ப்பு அளவு ஆர்முடுகலில் 0.6 கதியை அடையவே கலத்து மணிக்கூட்டில் ஏறக்குறைய 8 மாதம் பிடிக்கும், திரும்ப அதன் இரு மடங்கு. 3 ஒளியாண்டுப் பயணத்தில் அது சில்லறை இல்லை, 8 ஆண்டு என்ற விடையே மாறும். 30 ஒளியாண்டில்தான் அதை ஒதுக்க முடியும்.

உயர்தரம்_ஹட்டன்

இப்போது பிடிபடுகிறது. அப்படியென்றால் பதுளைக் கோச்சியில் போய் வருகிறவருக்கும் கொழும்பில் இருப்பவரைவிட வயது குறையுமா, எவ்வளவு சின்ன அளவென்றாலும்?

பட்டிப்பொல1898

கூடும்! எல்லோரும் வழுக்குகிற இடம் இது.

கொழும்பு கோட்டையில் இருந்து பதுளை 292 கிலோமீற்றர். 10 மணித்தியாலம் என்று வைத்தால் சராசரி செக்கனுக்கு 8.1 மீற்றர். சின்னக் கதிகளுக்கு நேரவிரிவுப் பங்கு = கதியின் வர்க்கம் ÷ (2 × ஒளிக்கதியின் வர்க்கம்). போய் வர 20 மணித்தியாலத்துக்கு அது சுமார் 26 பிக்கோ செக்கன் (பிக்கோ என்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைவு.

ஆனால் கோச்சி மலை ஏறுகிறது. பட்டிப்பொலைக்கு அருகில் உச்சி 1,898 மீற்றர். உயரத்தில் ஈர்ப்பு அழுத்தம் (potential) கூடுவதால் மணிக்கூடு வேகமாக ஓடும், ஒரு மீற்றருக்கு 1.09 × 10இன் −16ஆம் அடுக்கு. வழியின் சராசரி உயரம் 900 மீற்றர் என்று எடுத்தால் 20 மணித்தியாலத்தில் 7 நனோ செக்கன் (நனோ என்பது நூறு கோடியில் ஒரு பங்கு) கூடுதல். 26 பிக்கோ செக்கனைப் போல 270 மடங்கு. ஆகவே பதுளை போய் வந்தவர் 7 நனோ செக்கன் மூத்தவராகத்தான் வருவார்.

இரண்டும் சமப்பட என்ன கதி வேண்டும்? உச்சி உயரத்தில் ஓடிக்கொண்டிருப்பதாக வைத்தால் மணிக்கு சுமார் 694 கிலோமீற்றர். அந்த உயரத்தில் இருந்து விழுகிற கல் காற்றுத் தடை இல்லாவிட்டால் கீழே என்ன கதியில் வந்து மோதுமோ அதே எண். நம் கோச்சி அந்த வேகத்தைத் தொடுவது இப்போதைக்கு இல்லை.

வீட்டில் சும்மா இருப்பவர்களுக்கும் உண்டு. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஹட்டன் மணிக்கூடு நாளுக்கு 12 நனோ செக்கன் முந்தும். நுவரெலியா 17.6. பீதுருதாலகாலை உச்சி, 2,524 மீற்றர், ஏறக்குறைய 24. எழுபது ஆண்டு நுவரெலியாவில் இருந்தாலும் அரை மில்லி செக்கன் தேறாது.

நானுஓயா

அருமை. ஒன்று விட்டுப்போனது. பூமி கிழக்கே சுழல்கிறது, நம் அகலாங்கில் செக்கனுக்கு 460 மீற்றர் அளவில். கிழக்கே போகிற கோச்சியின் 8 மீற்றர் அந்த 460உடன் சேரும்போது வர்க்கத்தில் குறுக்கு உறுப்பு ஒன்று வரும், அது 8இன் வர்க்கத்தைவிட மிகப் பெரிது. ஒரு வழிக்கு 0.7 நனோ செக்கன் அளவு. போய்த் திரும்பி வந்தால் கிழக்கும் மேற்கும் கழிபட்டுப் போகும், அதனால் உங்கள் 20 மணித்தியாலக் கணக்கு பிழைக்கவில்லை.

திரும்பாமல் ஒரே திசையில் உலகைச் சுற்றினால் அது கழிபடாது. 1971 ஒக்டோபரில் ஹாஃபலேயும் கீற்றிங்கும் நான்கு சீசியம் அணு மணிக்கூடுகளைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி இதைச் செய்தார்கள். கிழக்கே சுற்றியவை 59 நனோ செக்கன் இழந்தன, மேற்கே சுற்றியவை 273 நனோ செக்கன் ஈட்டின. கணக்கிட்டு வைத்திருந்தது முறையே 40 இழப்பு, 275 ஈட்டல், பிழை எல்லை இருபது சொச்சம். தரையில் விட்டுவந்த மணிக்கூடு "நிற்கிறது" என்று எண்ணினால் இந்தக் கணக்கு வரவே வராது. அதுவும் பூமியோடு சுற்றுகிறது.

பச்சைத்தேயிலை

சரி, ஆர்முடுகலை விட்டுக்கொடுக்கிறேன். இன்னொன்று. 1905இல் ஐன்ஸ்டைனே "மத்திய கோட்டில் உள்ள மணிக்கூடு துருவத்தில் உள்ளதைவிட மெதுவாக ஓடும்" என்று எழுதினாராம். அப்போ இலங்கை மணிக்கூடு நோர்வே மணிக்கூட்டைவிடப் பிந்த வேண்டும்?

பட்டிப்பொல1898

கதியை மட்டும் பார்த்தால் மத்திய கோட்டில் நாளுக்கு 100 நனோ செக்கன் அளவு பிந்த வேண்டும். அப்படிப் பிந்துவதில்லை. பூமி நடுவில் பருத்தது, மத்திய கோட்டின் கடல் மட்டம் பூமியின் மையத்தில் இருந்து துருவத்தைவிட 21 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அந்த உயர்வு தருகிற ஈட்டலும் சுழற்சி தருகிற இழப்பும் கடல் மட்டத்தில் ஒன்றையொன்று அடித்துப்போடும். கடல் நீர் தானாகவே அந்தச் சமநிலையில்தான் போய் நிற்கிறது. 1905இல் ஈர்ப்புக்கான கோட்பாடு இன்னும் பிறக்கவில்லை.

உயர்தரம்_ஹட்டன்

இரும்புத்தட்டு சேர், மியூவன் வானத்தில் இருந்தும் வருகிறதாமே. நுவரெலியாவிலும் கொழும்பிலும் எண்ணிப் பார்த்தால் பாடசாலைச் செயற்றிட்டமாகச் செய்யலாமா?

இரும்புத்தட்டு

செய்யலாம். ஆனால் பெரும்பாலும் செய்கிற முறையில் செய்தால் நேரவிரிவைக் காட்டியதாக ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

மியூவன்கள் பெரும்பாலும் 15 கிலோமீற்றர் அளவு உயரத்தில் பிறக்கின்றன. 2.2 மைக்ரோ செக்கனில் ஒளிகூட 660 மீற்றர்தான் போகும். அப்படியிருந்தும் கடல் மட்டத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் செக்கனுக்கு ஒன்று வீதம் விழுந்துகொண்டிருக்கிறது. இதைச் சொன்னாலே பாதி விளங்கும்.

முறையான அளவை ஃபிரிஷும் ஸ்மித்தும் செய்து 1963இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மலை, சுமார் 1,910 மீற்றர். நுவரெலியா நகரம் 1,868, அதனால் நமக்கு இது சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி. உச்சியில் மணிக்கு 563 மியூவன். அந்த உயரத்தைக் கடக்க 6.4 மைக்ரோ செக்கன் வேண்டும். நேரவிரிவு இல்லையென்றால் கடல் மட்டத்தில் மணிக்கு 27 அளவில்தான் மிஞ்சியிருக்க வேண்டும். எண்ணியபோது 408. மியூவனின் சொந்த மணிக்கூட்டில் கழிந்தது 0.7 மைக்ரோ செக்கன் அளவுதான். காரணி 8.8, எதிர்பார்த்தது 8.4.

இப்போது சிக்கல். எல்லா மியூவனையும் கண்டபடி எண்ணிவிட்டு "மேலே கூட, கீழே குறைய" என்று எழுதினால் அந்தக் குறைவுக்கு இரண்டு காரணம் இருக்கும்: சிதைந்தவை ஒரு பக்கம், வளியில் சக்தி இழந்து நின்றுபோனவை மறுபக்கம். இரண்டும் கலந்துவிடும். அவர்கள் உணரிக்கு மேலே முக்கால் மீற்றர் அளவு இரும்பை அடுக்கினார்கள். அதைத் துளைத்து வந்து உணரிக்குள்ளேயே நின்று, அங்கேயே சிதைகிறவற்றை மட்டும் எண்ணினார்கள். அப்படித்தான் குறிப்பிட்ட கதி உள்ளவை மட்டும் சிக்கும். கீழே வந்தபோது இரும்பைக் குறைத்தார்கள், ஏனென்றால் இடையிலுள்ள 1,900 மீற்றர் வளியே அந்த இரும்பின் ஒரு பகுதி வேலையைச் செய்துவிட்டது. இந்தக் குறைப்பை மறந்தால் மேலேயும் கீழேயும் வேறு வேறு கூட்டத்தை எண்ணியதாகிவிடும்.

கருவி: துணிக்கை பட்டால் மினுங்குகிற சின்டிலேட்டர் பிளாஸ்டிக், 5 × 5 × 1 சென்ரிமீற்றர் துண்டு இரண்டு. ஒவ்வொன்றிலும் சிலிக்கன் ஒளியுணரி. ஆர்டுயினோ வகைச் சின்னப் பலகை. ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரண்டும் ஒரே சமயத்தில் மினுங்கினால் மட்டும் எண்ண வேண்டும். தனி ஒன்று என்றால் சுவரிலுள்ள கதிர்த்தொழிற்பாடும் சேர்ந்து எண்ணப்படும்.

பிழைக்கும் இடங்கள் சொல்கிறேன். ஒளிக்கசிவுதான் முதல் எதிரி. கறுப்பு நாடாவை இரண்டு சுற்று சுற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். எண்ணிக்கை ஏறினால் எங்கோ துளை இருக்கிறது. அடுத்தது வெப்பநிலை. சிலிக்கன் உணரியின் பெருக்கம் சூடு கூடக் குறையும், நுவரெலியா இரவுக்கும் கொழும்புப் பகலுக்கும் 20 பாகை வித்தியாசம் வரும். இரண்டு இடத்திலும் ஒரே வெப்பநிலையில் எடுக்காவிட்டால் மியூவனை விட்டுவிட்டு வெப்பநிலையை அளந்திருப்பீர்கள். வளியமுக்கத்தையும் குறித்து வையுங்கள், அமுக்கம் ஏறினால் எண்ணிக்கை இறங்கும். எவ்வளவு நேரம் என்பதற்கு வர்க்கமூலம்: 1,500 எண்ணினால் பிழை ±39, அதாவது 2.6 வீதம். ஒரு வீதத்துக்குக் கீழே வர 10,000க்கு மேல் வேண்டும்.

இந்தச் சின்னத் துண்டில் நின்று சிதைகிறவை மிகச் சொற்பம், ஃபிரிஷ்-ஸ்மித் முறைக்குக் காணாது. ஆகவே செயற்றிட்டத்தின் தலைப்பை "உயரத்தோடு மியூவன் பாயம் மாறுதல்" என்று வைத்து (பாயம் என்பது குறிப்பிட்ட பரப்பில் குறிப்பிட்ட நேரத்தில் விழும் எண்ணிக்கை), நேரவிரிவு இல்லாமல் இந்த எண்ணிக்கை சாத்தியமில்லை என்று வாதிடுங்கள். "நேரவிரிவை அளந்தோம்" என்று எழுதினால் நடுவர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

பச்சைத்தேயிலை

துணிக்கைக்கும் மணிக்கூட்டுக்கும் சரி. மனித உடம்புக்கும் அப்படித்தான் என்று எப்படி?

நானுஓயா

உடம்பு மட்டும் விலகி ஓடினால், கலத்துக்குள் இருப்பவள் தன் நாடித்துடிப்பையும் மணிக்கூட்டையும் ஒப்பிட்டே தான் என்ன கதியில் போகிறாள் என்று கண்டுபிடித்துவிடலாம். ஜன்னலைத் திறக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சார்பியலின் முதல் எடுகோள். அதனால் நாடி, முடி நரைப்பு, மியூவன், சீசியம் எல்லாம் ஒன்றாகவே பிந்த வேண்டும்.

உண்மையான இரட்டையரும் இருக்கிறார்கள். ஸ்கொட் கெலி விண்வெளி நிலையத்தில் 340 நாள் இருந்து 2016இல் திரும்பினார். செக்கனுக்கு 7.66 கிலோமீற்றர் கதி அவருக்கு 9.6 மில்லி செக்கன் குறைத்தது, உயரம் ஏறக்குறைய 1.2 திருப்பிக் கொடுத்தது. நிகரம் 8 மில்லி செக்கனுக்குச் சற்று மேல். அவருடைய அண்ணன் மார்க் 6 நிமிடம் முந்திப் பிறந்தவர், அந்த 6 நிமிடத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

உயர்தரம்_ஹட்டன்

எல்லோருக்கும் நன்றி. வாழ்த்து முறையை 0.8 கதிக்குப் போட்டுப் பார்த்தேன், இடிக்கிறது. தூரம் 4 ஒளியாண்டு, போக 5 வர 5, தங்கைக்கு 10, காரணி 5/3, அக்காவுக்கு 6. டொப்ளர் √(1.8 ÷ 0.2) = 3. அக்கா பக்கம்: 3 ஆண்டில் 1, அடுத்த 3 ஆண்டில் 9, மொத்தம் 10. சரி. தங்கை பக்கம்: முதல் 5 ஆண்டில் 5 ÷ 3 = 1.67, அடுத்த 5 ஆண்டில் 15. மொத்தம் 16.67. 6 வர வேண்டும்.

நானுஓயா

5 ஆண்டு என்பது திருப்பம் நடந்த நேரம். தங்கை அதைப் பார்த்த நேரம் என்ன?

உயர்தரம்_ஹட்டன்

5 + 4 = 9. ஐயோ. அப்போ 9 ÷ 3 = 3, மிச்சம் 1 ஆண்டு × 3 = 3. ஆறு வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று: 4 வயது குறைந்து வந்தவளை இனி தங்கை எப்படிக் கூப்பிடுவாள்?

பட்டிப்பொல1898

அக்கா என்றுதான். இரண்டு பேரும் பிறந்தது ஒரே ஆஸ்பத்திரியில், பத்து நிமிட இடைவெளியில். ஓர் இடத்தில் முந்தி நடந்தது எந்தச் சட்டகத்திலும் பிந்தாது. பிறப்புச் சான்றிதழில் திருத்த ஒன்றுமில்லை.